கடைசி வரியில் இருந்த அண்ணன்

போன வாரம் ஜூனியர் பையன் ஒருத்தன் லேபிலிருந்து ஓடி வந்தான். "அண்ணா, சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, என்ன அமுக்கினாலும் ஒண்ணும் வரல." போய்ப் பார்த்தால் கருப்புத் திரையில் கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. ஹேங்கும் இல்லை, மண்ணும் இல்லை. வரிகளை எண்ணும் ப்ரோக்ராம் ஒன்றை ஃபைல் பெயர் கொடுக்காமல் ஓட்டிவிட்டான். ஃபைல் இல்லையா, சரி, கீபோர்டிலிருந்து வரும் என்று அது காத்திருக்கிறது. திரையில் ஏதாவது வரும் என்று இவன் காத்திருக்கிறான். இரண்டு பேரும் பத்து நிமிஷமாக ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு!

கன்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அமுக்கினேன். விடை வந்தது. (பூஜ்யம்தான். ஒன்றுமே கொடுக்காவிட்டால் வேறென்ன வரும்?) மந்திரவாதியைப் பார்ப்பது போல் பார்த்தான். ரெண்டாம் வருஷத்தில் நானும் இப்படித்தான் சிஸ்டத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை :-)

"அந்த கன்ட்ரோல் டி என்னண்ணா பண்ணுது?" என்று கேட்டான். "இத்தோட முடிஞ்சுதுன்னு சொல்லுது" என்றேன். சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்கு நடந்து வரும்போது மனசு எங்கெங்கோ போய்விட்டது. 'இத்தோட முடிஞ்சுது' என்ற அந்த ஒரு விஷயத்தில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. ஆறேழு மாசமாக எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் சம்பந்தப்பட்டவரிடமே கேட்டேன். "பேரு போடாம எழுதுடா" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பில் 'லேட்டரல் என்ட்ரி'யில் வந்தவர்கள் சில பேர் உண்டு. தெரியாதவர்களுக்கு: பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருஷம் சேருகிறவர்கள். நம்மோடு முதல் வருஷம் இல்லாததால் அவர்களுடைய ரோல் நம்பர் எல்லாருக்கும் பிறகு வரும். வருகைப் பதிவு, லேப் பேட்ச், வைவா எதுவாக இருந்தாலும் கடைசி. அதிலும் கடைசி எங்கள் அண்ணன். டிப்ளமோ முடித்த பிறகு ஒரு வருஷம் லேத் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எங்களைவிட இரண்டு வயசு பெரியவர், அதனால் பொண்ணுங்க உட்பட எல்லாரும் 'அண்ணா'தான். எழுத்துத் தேர்வுக்கு முந்தைய ராத்திரி பாதி ஹாஸ்டல் அவர் ரூமில்தான் இருக்கும்.

போன ஆகஸ்டில் ஒரு கம்பெனி கேம்பஸுக்கு வந்தது. அரியர் இருக்கக்கூடாது, 60 சதவீதத்துக்கு மேல் இருக்கணும், அவர்களுக்கு மட்டும்தான் எழுத்துத் தேர்வு. பிளேஸ்மென்ட் சார் என்னைக் கூப்பிட்டு பென் டிரைவைக் கொடுத்தார். ஏ செக்ஷனுக்கு ஒன்று, பி செக்ஷனுக்கு ஒன்று என்று இரண்டு டெக்ஸ்ட் ஃபைல். ஒரு வரிக்கு ஒரு மாணவர்: ரோல் நம்பர், பெயர், அரியர் எண்ணிக்கை, சதவீதம், நடுவில் கமா. "தகுதி உள்ளவங்க லிஸ்டை மட்டும் எடுத்துக் குடுப்பா, சாயங்காலம் நோட்டீஸ் போர்டுல போடணும்."

நம்மிடம்தான் கேட்டுவிட்டாரே! கையால் பண்ணினால் அரை மணி நேரம் ஆகும் வேலை. நான் ஸ்கிரிப்ட் எழுதுவேன் என்று இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். பேஷ் ஷெல்லில், எல்லாரும் முதலில் கற்றுக்கொள்கிற அதே 'வைல் ரீட்' லூப். ஒரு வரி படி, கமாவில் பிரி, நிபந்தனை சரியென்றால் அச்சடி, அடுத்த வரிக்குப் போ.

விண்டோஸ் நோட்பேடில் அடித்த ஃபைல் என்பதால் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும். பழைய டெலிடைப் எந்திரத்தில் அச்சுத் தலையை இடது ஓரத்துக்கு இழுக்க ஒரு குறி, காகிதத்தை ஒரு வரி மேலே தள்ள இன்னொரு குறி. விண்டோஸ் இரண்டையும் இன்னும் வைத்திருக்கிறது (13, 10 என்று எண்கள்). யுனிக்ஸ், லினக்ஸ் பத்தை மட்டும் வைத்துக்கொண்டன. அந்தப் பதிமூன்று '78'க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் சதவீதத்தை ஒப்பிடவே முடியாது. அது எனக்கு முன்னாடியே தெரியும், ஃபைலை வாங்கியவுடனேயே நீக்கிவிட்டேன். அந்தப் பெருமையில்தான் மிச்சத்தைக் கோட்டை விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

பெருமை மட்டும் இல்லை, சரிபார்க்கவும் செய்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. எத்தனை பேரைப் படித்தாய் என்று ஸ்கிரிப்டையே எண்ண வைத்தேன்: 124. ஃபைலில் எத்தனை வரி என்று தனியாக 'டபிள்யூசி மைனஸ் எல்' போட்டுப் பார்த்தேன்: 61, 63, மொத்தம் 124. டாலி! சாரின் ரெஜிஸ்டரில் 125 என்று இருந்தது. மூன்றாம் வருஷம் ஒரு பையன் படிப்பை விட்டுப் போனான், அவன்தான் அந்த ஒன்று என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தேர்வு. ஹால் வாசலில் என் லிஸ்ட்டை ஒட்டியிருந்தார்கள். பெயர் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போட்டு உள்ளே போனோம். கேள்வித்தாள் சுமாரான கஷ்டம். வெளியே வந்து எல்லாரும் விடையைப் பேசிக்கொண்டிருந்தபோது "அண்ணன் எங்கடா?" என்று யாரோ கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

ரூமில் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு லுங்கியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஏண்ணே வரல?" என்றேன். "லிஸ்ட்ல பேர் இல்லடா. டிப்ளமோவுல ஒரு பேப்பர் ரெண்டாவது அட்டெம்ப்ட்ல தானே பாஸ் பண்ணேன், அதைப் பார்த்திருப்பாங்க" என்றார். யாரிடமும் கேட்கவில்லையா என்றதற்கு, "கேட்டா மட்டும்?" என்று பக்கத்தைத் திருப்பினார்.

அண்ணனுக்கு 78 சதவீதம். அரியர் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் கம்பெனி டிப்ளமோவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

லேபுக்கு ஓடினேன். ஃபைலைத் திறந்தால் கடைசி வரியில் அவர் பெயர் பத்திரமாக இருக்கிறது. ஸ்கிரிப்டை ஓட்டினால் வரவில்லை. அந்த வரியை மேலே ஏற்றி நடுவில் வைத்து ஓட்டினால் வருகிறது, இப்போது கடைசியாக இருக்கிற வேறொரு பெயர் வரவில்லை! மண்டை காய்ந்துவிட்டது. லூப் முடிந்த பிறகு, அந்த மாறியில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்தேன். பழைய ஃபைலையே கொடுத்தேன். திரையில் அண்ணன் பெயர் வந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எனக்கே புரிய ஒரு ராத்திரி ஆனது.

வரி என்றால் நாம் நினைப்பது, திரையில் ஒரு வரிசையாகத் தெரிவது. யுனிக்ஸ் நினைப்பது வேறு. பாஸிக்ஸ் தரத்தில் வரிக்கு இலக்கணமே இதுதான்: சில எழுத்துகள் (ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்), அதோடு முடிவில் ஒரு 'நியூலைன்'. இந்த நியூலைன் இரண்டு வரிகளுக்கு நடுவில் போடும் கமா மாதிரி இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வைக்கும் முற்றுப்புள்ளி மாதிரி. புள்ளி வைக்கவில்லையா, அது இன்னும் வரியே ஆகவில்லை. விஐ மாதிரி எடிட்டர்கள் நாம் கேட்காமலேயே கடைசியில் அந்தப் புள்ளியை வைத்துவிடும். நோட்பேட் வைக்காது. ஆபீஸில் பட்டியலை அடித்தவர் அண்ணன் சதவீதத்தை அடித்ததும் என்டர் தட்டாமல் சேமித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? கடைசிப் பெயருக்குக் கீழே எதற்கு என்டர் தட்ட வேண்டும்?

இப்போது 'ரீட்' என்ன செய்கிறது? கிடைத்த எழுத்துகளை மாறியில் போடுகிறது. கூடவே, வெற்றி அல்லது தோல்வி என்று ஒரு பதிலும் சொல்கிறது. புள்ளி வருவதற்கு முன்னால் ஃபைல் முடிந்துவிட்டால் பதில் 'தோல்வி'. 'வைல்' அந்தப் பதிலை மட்டும்தான் பார்க்கும், மாறியைப் பார்க்காது. தோல்வியா, லூப் முடிந்தது. என் ஸ்கிரிப்ட் அண்ணனைப் படித்துவிட்டது. ரோல் நம்பர், பெயர், பூஜ்யம், 78 எல்லாவற்றையும் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டே 'வேற யாரும் இல்ல' என்று கதவைச் சாத்திவிட்டது.

என் சரிபார்ப்பு? 'டபிள்யூசி மைனஸ் எல்' வரிகளை எண்ணுவதில்லை, நியூலைன்களை எண்ணுகிறது. 64 பேர் இருந்த ஃபைலில் 63 நியூலைன். ஸ்கிரிப்டுக்கு எந்தக் கண் குருடோ எண்ணுகிற கருவிக்கும் அதே கண் குருடு. இரண்டு பேரும் சேர்ந்து 124 என்று சத்தியம் பண்ணினார்கள், நான் நம்பினேன். சரி என்று அதே ஃபைலை 'ஆக்'கிடம் கொடுத்து எண்ணச் சொன்னால் 125 என்கிறது! 1977-இல் பெல் லேப்ஸில் அஹோ, வெயின்பர்கர், கெர்னிகன் என்ற மூன்று பேர் எழுதிய மொழி அது, மூன்று பேரின் முதல் எழுத்துதான் பெயரே. கடைசியில் புள்ளி இல்லாவிட்டாலும் மிச்சம் இருப்பதையும் ஒரு வரியாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஃபைல், இரண்டு கருவி, இரண்டு கணக்கு. முதல் நாளே ஆக்கிடம் கேட்டிருந்தால்...

அன்றைக்கு மத்தியானம் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டினார். நியாயமாகத் திட்டினார். பிறகு "நானும் ரெஜிஸ்டரோட வச்சுப் பார்த்திருக்கணும்" என்று அவராகவே சொல்லிவிட்டு கம்பெனிக்குப் போன் போட்டார். தேர்வு முடிந்துவிட்டது, தனியாக ஒருத்தருக்கு வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் மெஸ்ஸுக்குப் பின்னால் வைத்துச் சொன்னேன். ரீட், நியூலைன், தோல்வி என்று ஏதேதோ உளறினேன். பொறுமையாகக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், இரண்டு அடி கொடுத்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப என் மார்க்கால இல்லையா?"

"இல்லண்ணே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பட்டறைக் கதை ஒன்று சொன்னார். லேத்தில் நீளமான கம்பியை மாட்டி, ஒரே அளவில் துண்டு துண்டாகக் கடைந்து வெட்டுவார்களாம். கடைசல் எல்லாம் முடிந்தாலும் பார்ட்டிங் டூல் வைத்து வெட்டி விழுந்தால்தான் அது ஒரு பீஸ். வெட்டாதவரைக்கும் அது கம்பிதான். கடைசித் துண்டு சக்குக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், பிடிமானத்துக்கு அது வேண்டும், அதை வெட்ட முடியாது. சாயங்காலம் கணக்கெடுக்கும்போது கீழே விழுந்ததை மட்டும்தான் எண்ணுவார்கள், சக்கில் இருப்பது ஸ்கிராப் டப்பாவுக்குப் போகும். "அதே இரும்புதான்டா" என்றார்.

பாஸிக்ஸ் இலக்கணத்தை இதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் அன்றைக்கு அதை ரசிக்கிற நிலைமையில் நான் இல்லை.

விஷயம் வகுப்பில் பரவியது. பைத்தான் பக்தன் ஒருத்தன் (ஒவ்வொரு வகுப்பிலும் ஒருத்தன் இருப்பான்) "ஷெல்லுல எழுதினா இப்படித்தான், பைத்தான்ல கடைசி வரி தானா வரும்" என்று சொல்லி ஐந்து நிமிஷத்தில் எழுதிக் காட்டினான். உண்மைதான், 125 பேரையும் படித்தது. ஆனால் தகுதிப் பட்டியலில் அப்போதும் அண்ணனைக் காணோம்! தோண்டிப் பார்த்தால், வரி முடிவில் வரும் நியூலைனை நீக்க அவன் ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்கிறான். 124 வரியில் நியூலைன் போனது. 125-ஆவது வரியில் நியூலைன் இல்லாததால் எட்டு போய்விட்டது. அண்ணனுக்கு 78 சதவீதம் 7 சதவீதமாகிவிட்டது. நான் அவரைத் தொலைத்தேன், இவன் ஃபெயிலாக்கிவிட்டான். அன்றைக்குத்தான் அண்ணன் முதல் தடவையாகச் சிரித்தார்.

லேப் சார் பழைய பெர்ல் ஆள். லாரி வால் 1987-இல் வெளியிட்ட மொழி, இப்போது எங்கள் வகுப்பில் யாரும் தொடுவதில்லை. அவர்தான் 'வைர ஆபரேட்டரை'க் காட்டினார். சின்னது, பெரியது குறிகள் இரண்டையும் எதிரெதிரே வைத்தால் வைரம் மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஃபைல் பெயர்கள் கொடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து எல்லா வரியையும் தரும். ஒன்றும் கொடுக்காவிட்டால் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து படிக்கும். பெயருக்குப் பதில் வெறும் கோடு ஒன்று போட்டால் அந்த இடத்தில் ஸ்டாண்டர்ட் இன்புட்டைச் செருகிக்கொள்ளும். எங்கிருந்து வருகிறது என்ற கவலையே நமக்கு வேண்டாம். பைத்தானிலும் 'ஃபைல்இன்புட்' என்ற மாட்யூல் இதையே செய்யும். யுனிக்ஸில் 1973-இல் பைப் வந்ததிலிருந்து ஒரு ப்ரோக்ராமின் வாயை இன்னொன்றின் காதில் வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அந்தப் பழக்கத்துக்கு ஏற்ற ஆபரேட்டர். புள்ளி வைக்காத கடைசி வரியையும் மரியாதையாகத் தந்துவிடும்.

அங்கேயும் குழி உண்டு. பெர்லில் 'சாப்' என்று ஒன்று, 'சாம்ப்' என்று ஒன்று. சாப் என் பைத்தான் நண்பன் மாதிரி, கடைசியில் எது இருந்தாலும் வெட்டும். சாம்ப் நியூலைன் இருந்தால் மட்டும் எடுக்கும். அப்புறம் அந்த வைரம் ஃபைல் பெயரை அப்பாவித்தனமாக நம்பிவிடும். பெயரின் கடைசியில் பைப் குறி இருந்தால் ஃபைலைத் திறக்காமல் அதைக் கட்டளையாக ஓட்டிவிடும்! யாராவது விஷமமாக அப்படி ஒரு பெயரில் ஃபைல் வைத்தால் கதை கந்தல். 2015-இல் வந்த 5.22 பதிப்பில்தான் பாதுகாப்பான இரட்டை வைரத்தைக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் லேப் சார் சொன்னார், எனக்கு மிகவும் பிடித்தது. கடைசி வரியில் வெறும் '0' மட்டும் இருந்து, நியூலைனும் இல்லாவிட்டால், பெர்லுக்கு அது 'பொய்'. லூப் நின்றுவிட வேண்டும். நிற்காது. ஏனென்றால் வைல் லூப்பில் ஒரு வரியைப் படித்து மாறியில் போடும்போது, 'இது உண்மையா' என்று கேட்காமல் 'ஏதாவது வந்ததா' என்று கேட்கும்படி அந்த மொழியே மாற்றிக்கொள்கிறது. எங்கோ யாருக்கோ ஒரு கடைசி பூஜ்யம் தொலைந்து போய், அவர் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று நான் கற்பனை பண்ணிக்கொள்வேன்.

என் ஸ்கிரிப்டைத் திருத்த ஆன செலவு ஒரே ஒரு நிபந்தனை: ரீட் வெற்றி, அல்லது மாறி காலியாக இல்லை. இருபது எழுத்துக்கூட இருக்காது.

டிசம்பரில் வேறொரு கம்பெனி வந்தது. அண்ணன் எழுதினார், கிடைக்கவில்லை. ஜனவரியில் இன்னொன்று, அதில் கிடைத்தது. ஆகஸ்ட் கம்பெனியைவிடச் சம்பளம் குறைவு. ஆகஸ்டில் எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. நான் மட்டும் அவ்வப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எனக்கு அந்தக் கம்பெனியில் கிடைத்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், மறைக்க நினைத்து இரண்டு தடவை இந்த வாக்கியத்தை அழித்தேன்.

பட்டியல் அடிக்கும் வேலையைச் சார் இப்போது அண்ணனிடமே கொடுத்துவிட்டார். போன மாசம் ப்ராஜெக்ட் வைவாவுக்காக அவர் அடித்துக் கொடுத்த ஃபைலை என் திருத்திய ஸ்கிரிப்டில் ஓட்டினேன். 132 பேர் என்றது. வகுப்பில் 125 பேர்தானே என்று பதறிப்போய்த் திறந்தேன். அண்ணன் தன் பெயருக்குக் கீழே எதற்கும் இருக்கட்டும் என்று ஏழு தடவை கூடுதலாக என்டர் தட்டி வைத்திருக்கிறார்.

காலி வரிகளைத் தாண்டிப் போகவும் இனி ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். இந்தத் தடவை ரெஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.